திறந்தவெளியில் தூரத்திலிருந்து பேசினால் குரல் கேட்கிறது, சொல் மட்டும் ஏன் புரிவதில்லை?

ஒருநாள் வாழைத்தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து அப்பா "நிறுத்து" என்று கத்தினார். எனக்குக் கேட்டது "திருப்பு". மோட்டாரை ஓடவிட்டபடியே மடையைத் திருப்பி, அன்று காலையில்தான் உரம் வைத்த பாத்திக்குள் தண்ணீரை விட்டுவிட்டேன். அப்புறம் வாங்கிய வசவு, கிட்டத்தில் நின்று திட்டியதால், ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கேட்டது.

நிறுத்து, திருப்பு இரண்டையும் சொல்லிப் பாருங்கள். உயிரொலிகள் ஒன்றேதான்: இ, உ, உ. நடுவில் வரும் ற, ர கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிச்சமுள்ள ந, த, ப மட்டுமே வித்தியாசம் காட்ட வேண்டும். உயிரொலிக்கு வாய் திறந்து வரும் பலம் உண்டு. த, ப, ச எல்லாம் நாக்கும் உதடும் கண் இமைப்பதற்குள் முடித்துவிடுகிற மெல்லிய ஓசைகள்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) குறையும். ஒரு மீட்டரில் 60 டெசிபல் இருக்கும் சாதாரணப் பேச்சு, 16 மீட்டரில் 36தான். வீட்டுக்குள் என்றால் சுவர்கள் கொஞ்சம் திருப்பி அனுப்பும், தோட்டத்தில் அதுவும் இல்லை. இதில் காற்றடித்து வாழை இலைகள் படபடத்தால் முதலில் மூழ்குவது மெய்யொலிகள். ஆள் ஏதோ சொல்கிறார் என்பது வரைக்கும் தெரியும், அவ்வளவுதான். எதிர்க்காற்றில் இன்னும் மோசம். ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும்.

சரி, கத்தினால்? கத்தும்போது பலம் ஏறுவது பெரும்பாலும் உயிரொலிக்குத்தான். ஆளைக் கூப்பிட அது போதும். தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது பெயர்கள் தம் அளவைக் கடந்து நீளும் என்று தொல்காப்பியமே, அழைப்பதைப் பற்றிய விளிமரபு என்ற பகுதியில், சொல்கிறது. "முருகாஆஆ" என்றால் முருகன் திரும்பிப் பார்ப்பான். அவனுக்கு வேலை சொல்வதுதான் கஷ்டம்.

எங்கள் தோட்டத்தில் இப்போது "நிறுத்து" கிடையாது. "போதும்" என்கிறார் அப்பா, அந்த ஓகாரத்தை நன்றாக இழுத்து. காற்று பலமாக இருந்தால் அதுவும் இல்லை, தோள் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுற்றுவார்.