ஒரு மூச்சும் வீணாகக் கூடாது: மவுத் ஆர்கன் கேள்வி-பதில்

மவுத் ஆர்கனைத் திருத்துவது, மேம்படுத்துவது பற்றி வந்த கேள்விகளில் எட்டை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கருவியின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் துளைகள் வெட்டிய ஒரு சட்டம் இருக்கும். பார்வைக்குச் சீப்பு போல இருப்பதால் அதற்குக் கோம் என்று பெயர். அதன் மேலும் கீழும் இரண்டு பித்தளைத் தகடுகள். அவற்றில் ரீடுகள் எனும் மெல்லிய உலோக நாக்குகள் அறையப்பட்டிருக்கும். வெளியே இரண்டு மூடிகள். பத்துத் துளைக் கருவியில் இருபது ரீடுகள்: பத்து ஊதும்போது பேசும், பத்து மூச்சை இழுக்கும்போது பேசும்.

கேள்வி: ஐயா, நானூறு ரூபாய்க்கு வாங்கிய என் மவுத் ஆர்கனை வாசித்தால் மூச்சு வாங்குகிறது. நண்பரின் ஜெர்மன் கருவியோ மெல்ல ஊதினாலே பேசுகிறது. உலோகத்தின் தரமா, வேறு காரணமா?

உலோகத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் முக்கியக் காரணம் இடைவெளி. நாதசுவரத்தின் சீவாளியில் இரண்டு பட்டைகள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கின்றன. மவுத் ஆர்கன் ரீடு எதிலும் மோதுவதில்லை. தகட்டில் தனக்கென்று வெட்டிய பள்ளத்துக்குள் மயிரிழை இடம் விட்டுப் போய்ப்போய் வருகிறது. ஆர்மோனியத்திலும் சுருதிப் பெட்டியிலும் இருப்பது இதே வகை ரீடுதான். ரீடின் ஓரங்களில் இருக்கும் அந்த மயிரிழை அகலமானால், நீங்கள் கொடுக்கும் மூச்சு ரீடை அசைக்காமல் பக்கவாட்டில் தப்பிவிடும். மலிவான கருவியில் நடப்பது இதுதான்.

மேல் மூடியைக் கழற்றி, தகட்டையும் பிரித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ரீடைச் சுற்றி ஒளி மெல்லிய கோடாக, இருபுறமும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் கோடு பருத்து மறுபக்கம் மறைந்திருந்தால் ரீடு சாய்ந்திருக்கிறது என்று பொருள். இந்தப் பக்கவாட்டு இடைவெளி தொழிற்சாலையின் கைத்திறம். வீட்டில் பெரிதாக மாற்ற முடியாது.

உங்களால் மாற்ற முடிந்தது இன்னொன்று. ரீடின் நுனி தகட்டிலிருந்து எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பக்கவாட்டில் பாருங்கள். ஏறக்குறைய நுனியின் தடிமன் அளவுக்கு இருந்தால் நல்லது. அதற்கு மேல் தூக்கி நின்றால் மூச்சைக் குடிக்கும். மிகவும் தாழ்ந்திருந்தால் மெல்ல ஊதும்போது பேசும், பலமாக ஊதியவுடன் திணறி அடைத்துக்கொள்ளும். பல் குத்தும் குச்சியால் ரீடை மெதுவாக அழுத்தியோ தூக்கியோ விடுங்கள். ஒரே தடவையில் சரிசெய்ய நினைக்க வேண்டாம். அழுத்தி, வாசித்துப் பார்த்து, மறுபடி அழுத்தி என்று பத்து முறை செய்தாலும் தவறில்லை.

அதற்கும் முன்னால் உள்ளே குப்பை இருக்கிறதா என்று பாருங்கள். அண்மையில் ஒரு பையன் கொண்டுவந்த கருவியில் மூன்றாம் துளை இழுப்பு ஊமையாகிவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ரீடுக்கும் பள்ளத்தின் ஓரத்துக்கும் நடுவே எள் அளவு முறுக்குத் துணுக்கு. மெல்லிய தாள் நுனியால் தள்ளியதும் ரீடு பழைய குரலில் பேசியது. ஆகவே வாய் கொப்பளித்துவிட்டு வாசியுங்கள்.

கேள்வி: மரக் கோம் வைத்த பழைய கருவி ஒன்று என்னிடம் உள்ளது. ஊறவைத்து வாசித்தால் ஒலி கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். அப்படிச் செய்த பழைய கலைஞர்கள் உண்டு. ஒலி கூடுவதும் பொய்யல்ல. தண்ணீர் குடித்த மரம் உப்பி, தகட்டுக்கும் கோமுக்கும் நடுவே இருந்த காற்றுக் கசிவை அடைக்கிறது. ஆனால் காய்ந்ததும் சுருங்கும், வளையும், வெடிக்கும். கோமின் உப்பிய பற்கள் துளையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டி உதட்டைக் கிழிக்கும்.

1857-இல் ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் தொடங்கிய நிறுவனம் 1896-இல் கொண்டுவந்த மரைன் பேண்ட் இன்றும் விற்கிறது. பேரி மரக் கோம், ஆணி அடித்த தகடு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையின் குரலே அந்தக் கருவிதான் என்று சொல்லலாம். அதன் குறையும் அந்த மரமும் ஆணியும்தான். 1990-களில் ஜோ பிலிஸ்கோ போன்ற கைவினைஞர்கள் ஆணியைப் பிடுங்கித் திருகாணி போட்டு, மரத்தை எண்ணெயும் மெழுகும் கொண்டு மூடித் தந்தார்கள். பின்னர் ஹோனரே மரைன் பேண்ட் டீலக்ஸ் மாடலில் திருகாணியும் வார்னிஷ் பூசிய மரமும் வைத்தது. கிராஸ்ஓவர் மாடலில் மூங்கில் கோம் வந்தது. தொழிற்சாலைக்குப் பட்டறை பாடம் சொல்லிக்கொடுத்த கதை இது. எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான்.

நீங்களும் அதையே செய்யலாம். தகடுகளைக் கழற்றுங்கள். சமமான கண்ணாடியின் மேல் நைஸ் உப்புத்தாளைப் பரப்பி, கோமை அதன் மேல் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பிறகு உணவுக்கு ஏற்ற எண்ணெய் அல்லது தேன்மெழுகு பூசி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: அலுமினியக் கோம் மாற்றினால் ஒலி இனிமையாகுமா?

கோம் சமமாக இருந்து, துளை அளவும் மாறாதிருந்தால், பொருளால் வரும் வேறுபாட்டைக் கேட்பவர் கண்டுபிடிப்பது அரிது. ஒலிப்பது ரீடும் காற்றும். கோம் அதிர்ந்து பாடும் வீணைக் குடமல்ல. அலுமினியம் சமமாக இருக்கும், தண்ணீரில் உப்பாது. அதற்காக வாங்கினால் வாங்குங்கள். மூடியின் பின்வாயை அகலத் திறந்தால் வரும் வேறுபாடு இதைவிடப் பெரிது: ஒலி வெளியே தாராளமாக வரும்.

கேள்வி: கர்நாடக இசை படித்தவள் நான். ‘சி’ சுருதிக் கருவியில் கீழ் ஸ்தாயியில் மத்தியமமும் தைவதமும் கிடைக்கவே இல்லை. இது வடிவமைப்புக் குறையா?

உங்கள் காது சரியாகச் சொல்கிறது. ஒன்று முதல் மூன்று துளை வரை ஊதினால் ச, க, ப; இழுத்தால் ரி, ப, நி. மத்தியமமும் தைவதமும் இல்லை. நான்கு முதல் ஏழு வரை முழுச் சங்கராபரணமும் கிடைக்கிறது. மேலே எட்டு முதல் பத்து வரை நிஷாதம் காணாமல் போகிறது.

இது மறதியால் வந்த ஓட்டையல்ல. ரிக்டர் சுருதி அமைப்பு என்று அழைக்கப்படும் இந்த முறை, கிராமத்து நாட்டியப் பாட்டுகளுக்குத் துணை வாசிப்பதற்காக அமைந்தது. எங்கே வாய் வைத்து ஊதினாலும் ச-க-ப சேர்ந்து ஒலிக்க வேண்டும். கீழ்த் துளைகளில் இழுத்தால் ப-நி-ரி சேர்ந்து ஒலிக்க வேண்டும். அந்தச் சேர்க்கைக்காக இரண்டு ஸ்வரங்களைப் பலிகொடுத்தார்கள். தனி ராக ஆலாபனை செய்யும் நமக்கு அது பேரிழப்பு.

மீட்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெண்டிங். இரண்டாம் துளை இழுப்பில் நாக்கின் பின்புறத்தைத் தாழ்த்தி வாயின் உள்ளிடத்தை மாற்றினால் ஸ்வரம் இறங்கும். பஞ்சமத்திலிருந்து ஒரு முழுச் சுரம், அதாவது இரண்டு ஸ்வரஸ்தானம் இறக்கினால் சுத்த மத்தியமம். மூன்றாம் துளை நிஷாதத்தை ஒரு முழுச் சுரம் இறக்கினால் சதுச்ருதி தைவதம். சுருதி சுத்தமாக நிற்க மாதக்கணக்கில் சாதகம் வேண்டும்.

இரண்டாவது வழி அழகானது. மூன்றாம் துளை ஊது ரீடு தரும் பஞ்சமம், இரண்டாம் துளை இழுப்பிலும் இருக்கிறது அல்லவா? ஆகவே அந்த மூன்றாம் ஊது ரீடின் நுனியை மென்மையாகச் சுரண்டி ஒரு முழுச் சுரம் உயர்த்திவிட்டால் தைவதம் கையில் கிடைக்கிறது. நியூசிலாந்துக் கலைஞர் பிரெண்டன் பவர் இதைப் பேடி ரிக்டர் என்ற பெயரில் பரப்பினார். நுனியில் உலோகத்தைக் குறைத்தால் சுருதி ஏறும். ரீடைத் தகட்டோடு அறைந்திருக்கும் ஆணியான ரிவெட்டின் பக்கம் குறைத்தால் இறங்கும். சுரண்டும்போது ரீடின் கீழே மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் செருகி வையுங்கள். சுரண்டிய சூட்டில் சுருதி சற்று மாறிக் காட்டும், ஆறவிட்டுச் சரிபாருங்கள்.

கேள்வி: கமகத்துக்கு எது ஏற்றது: பத்துத் துளைக் கருவியா, பொத்தான் வைத்த குரோமாட்டிக்கா?

பன்னிரண்டு துளைக் குரோமாட்டிக்கில் 48 ரீடுகள். பொத்தானை அழுத்தினால் எல்லாம் அரைச் சுரம் ஏறும். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் குறையின்றிக் கிடைக்கும். ஆனால் பொத்தானை எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே வழி கிடையாது. தாவல்தான். நமக்கு வேண்டியது அந்த வழி.

பத்துத் துளைக் கருவியின் பெண்டிங்கில் ஒரு துளையின் இரண்டு ரீடுகளும் சேர்ந்து பங்கெடுக்கின்றன. அதனால்தான் இரண்டு ரீடுகளின் சுருதிக்கும் நடுவே உள்ள இடம் வரைதான் இறங்க முடிகிறது. ஒன்று முதல் நான்கு, ஆறு ஆகிய துளைகளில் இழுப்பு இறங்கும். எட்டு, ஒன்பது, பத்தில் ஊது இறங்கும். மற்றவை பிடிவாதம் பிடிக்கும்.

இந்தப் பிடிவாதத்தை உடைக்க வடிவமைப்பாளர்கள் பெரிதும் பாடுபட்டிருக்கிறார்கள். ஹோனருக்காக ரிக் எப்பிங் உருவாக்கிய எக்ஸ்பி-40, ஒவ்வொரு ரீடுக்கும் துணையாக ஒரு ரீடு வைத்து 40 ரீடுகளுடன் வந்தது. எல்லா ஸ்வரமும் முழுச் சுரம் இறங்கும். கருவி பருத்துப்போனது, பின்னர் உற்பத்தி நின்றது. ஜப்பானின் சுசுகி இசைக்கருவி நிறுவனத்தின் எஸ்யூபி30 மாடலில் துளைக்கு மூன்று ரீடு. இரண்டையும் நான் மதிக்கிறேன். ரீடு கூடக்கூட காற்று தப்பும் சந்துகளும் கூடுகின்றன என்பதுதான் அவை இரண்டும் மோதிய சுவர். கூடுதல் ரீடே இல்லாமல் வாயின் அமைப்பாலேயே விடுபட்ட ஸ்வரங்களை எடுக்கும் ஓவர்புளோ முறையை அமெரிக்கக் கலைஞர் ஹோவர்ட் லெவி வளர்த்தெடுத்தார். அதற்கும் முதல் தேவை கசிவற்ற கருவி.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது அரை வால்வு, அதாவது பாதி ரீடுகளுக்கு மட்டும் வால்வு. ஒன்று முதல் ஆறு வரை இழுப்பு ரீடுகளுக்கும், ஏழு முதல் பத்து வரை ஊது ரீடுகளுக்கும், பள்ளத்தின் மறுபக்கத்தில் காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் மெல்லிய பிளாஸ்டிக் வால்வு ஒட்ட வேண்டும். ஏற்கெனவே இறங்கும் ஸ்வரங்கள் அப்படியே இறங்கும்; இறங்காதவையும் வழுக்கத் தொடங்கும். அவற்றின் நாதம் சற்று மெலிந்திருக்கும், ஓவர்புளோவும் போய்விடும். கமகத்துக்காக இந்த இழப்பை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

கேள்வி: என் குரோமாட்டிக் காலையில் ‘டப் டப்’ என்று ஒட்டி ஒலிக்கிறது. பழுதா?

பழுதல்ல. சில்லிட்ட கருவியில் மூச்சின் ஈரம் படிந்து வால்வுகள் ஒட்டிக்கொள்கின்றன. வாசிக்கும் முன் கைக்குள்ளோ சட்டைப் பையிலோ பத்து நிமிடம் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். வெயிலில் வைக்க வேண்டாம்.

கேள்வி: ஐந்தாம் துளை இழுப்பு மட்டும் சுருதி இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றினால் ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிறது.

அந்த ரீடு களைத்துவிட்டது. கோடிக்கணக்கான முறை வளைந்த பித்தளையில், ரிவெட்டுக்கு அருகே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கும். சுரண்டினால் வெடிப்பு விரைவாகும். ரீடை மாற்றுங்கள், அல்லது தகட்டையே மாற்றுங்கள். லீ ஆஸ்கர் கருவிகளுக்கு மாற்றுத் தகடு தனியாகக் கிடைக்கிறது. ஒரு கருவியை ஒரு ரீடுக்காகக் குப்பையில் போட வேண்டாம் என்ற அந்த எண்ணத்தை எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும் என்பது என் ஆசை. ஜெர்மனியின் கிளிங்கன்தால் ஊரிலுள்ள சைடல் நிறுவனம் ‘1847’ என்ற பெயருள்ள மாடலில் துருப்பிடிக்காத எஃகு ரீடு வைத்திருக்கிறது. விலை கூடுதல்; ஆயுளும் கூடுதல். எந்த ரீடாக இருந்தாலும், ஒலி போதவில்லை என்று மூச்சை முறுக்கி ஊதுபவர் கையில் அது சீக்கிரம் சாகும். அவரிடம் இருப்பது பெரும்பாலும் கசியும் கருவியாகத்தான் இருக்கும்.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். 3டி பிரிண்டரில் கோம் செய்து பார்க்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மிக்க மகிழ்ச்சி. தம்பி, முதலில் சமதளம். அச்சில் வந்த பரப்பு எப்போதும் வரிவரியாக இருக்கும். கண்ணாடி மேல் உப்புத்தாளில் தேய்க்காமல் மாட்டாதீர்கள். தேய்த்த பின் நிரந்தர மார்க்கரால் பரப்பு முழுவதும் மை பூசி, மறுபடி இரண்டு இழுப்பு இழுங்கள். மை எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். மை முழுதும் அழியும்வரை தேய்க்க வேண்டும்.

அடுத்தது பொருள். பிஎல்ஏ என்ற அச்சுப் பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் மறந்து வைத்தால் கோம் வளைந்திருக்கும். பிசின் வகை அச்சானால், முழுதாக உறையாத பிசின் வாயில் படவே கூடாது.

பிறகுதான் உங்கள் ஆய்வு. துளை அறையின் கொள்ளளவைச் சற்றே குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று என இரண்டு கோம் அச்சிடுங்கள். அதே தகடுகளை இரண்டிலும் மாட்டி, காதில் இரகசியம் சொல்லும் அளவு மூச்சில் ஒவ்வொரு துளையையும் வாசியுங்கள். எது முதலில் பேசுகிறது என்று எழுதி வைத்து, அந்தக் குறிப்பை எனக்கு அனுப்புங்கள். அடுத்த முறை அதிலிருந்தே தொடங்குகிறேன்.