லெசோத்தோ போகலாம், திரும்பி வர வேண்டாமா?

கேள்வி: நானும் நண்பரும் தோள்பையோடு டர்பனில் இறங்கி, டிராகன்ஸ்பெர்க் மலையில் சில நாள் நடந்து, சானி கணவாய் வழியாக லெசோத்தோவுக்குள் போய், மலைக் கிராமங்களில் தங்கி, அதன் தலைநகர் மசேரு வழியாக ஜோகன்னஸ்பர்க் வந்து விமானம் ஏறலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். "லெசோத்தோ தென்னாப்பிரிக்காவுக்கு உள்ளேதான் இருக்கிறது, அந்த ஒரு விசாவே போதும், எல்லையில் முத்திரை குத்துவதெல்லாம் சும்மா சடங்கு" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? ஜூன் மாதம் போகலாமா?

பதில்: நம்பாதீர்கள். உள்ளே இருக்கிறது என்று அவர் சொல்வது சரிதான். நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த நாடு அது. உங்களுக்குச் சிக்கல் வரப்போவதும் அதனால்தான். லெசோத்தோ தனி நாடு, 1966-இல் சுதந்திரம் பெற்றது, தனக்கென மன்னர், நாணயம், குடிவரவு அதிகாரி எல்லாம் வைத்திருக்கிறது. சானி கணவாயின் அடியில் தென்னாப்பிரிக்கச் சாவடியில் வெளியேறும் முத்திரை குத்திய நிமிடமே நீங்கள் அந்த நாட்டை விட்டுப் போனவர். உங்களிடம் இருப்பது ஒற்றை நுழைவு விசா என்றால், அது அங்கேயே தீர்ந்தது.

அப்புறம் எப்படித் திரும்புவீர்கள்? லெசோத்தோவை விட்டு எந்தச் சாலையில் வெளியேறினாலும் போய்ச் சேரும் இடம் தென்னாப்பிரிக்கா. மசேரு பக்கத்தில் ஒரு சிறிய விமான நிலையம் உண்டு. அங்கிருந்து விமானம் ஏறினாலும் ஜோகன்னஸ்பர்க்கில்தான் இறங்க வேண்டும். ஆக, உங்களுக்கு வேண்டியது பலமுறை நுழையும் தென்னாப்பிரிக்க விசா. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இந்த விசா கேட்காமல் கிடைக்காது. விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் எந்தத் தேதியில் எந்தச் சாவடி வழியாக லெசோத்தோவுக்குள் போகிறீர்கள், எந்தத் தேதியில் எங்கே திரும்ப நுழைகிறீர்கள் என்று இரண்டு வரி தெளிவாக எழுதுங்கள். ஏஜென்டுகள் பலர் இந்த வரியை வேண்டுமென்றே நீக்கிவிடுவார்கள். லெசோத்தோ என்று எழுதினால் கூடுதல் கேள்வி வரும், அவர்களுக்கு வேலை கூடும், அவ்வளவுதான் காரணம். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விசா ஸ்டிக்கரில் எத்தனை நுழைவு என்று போட்டிருக்கும் இடத்தைப் படியுங்கள். பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஒற்றை என்று இருந்தால் அன்றைக்கே திருத்தம் கேளுங்கள். சானியில் நின்றுகொண்டு கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்களும் வேண்டும். தென்னாப்பிரிக்கா இரண்டு கேட்கிறது. எல்லை தாண்டித் திரும்புகிறவர் நான்கு வைத்துக்கொள்வது நல்லது.

லெசோத்தோவின் விசா தனிச் சங்கதி. அந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இணையத்தில் மூன்று இடத்தில் பார்த்தால் மூன்று விதமாக இருக்கும். ஒரு சிறிய நாடு தன் விசா விதியை ஒரே பக்கத்தில் ஒழுங்காக எழுதிவைக்க என்ன தடை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. டெல்லியில் லெசோத்தோவின் தூதரகம் இருக்கிறது. மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும், கொடியும் இலச்சினையும் போட்ட "விசா சேவை" தளங்களில் பணம் கட்டிவிடாதீர்கள். அவற்றில் பல தனியார் கடைகள்.

ஏஜென்ட் பற்றி இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன், இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்று, டம்மி புக்கிங். கிராமத்தில் தங்கப் போகிறவருக்கு ஹோட்டல் ரசீது எங்கே கிடைக்கும் என்று சொல்லி, டர்பனில் ஏதோ நட்சத்திர ஹோட்டலில் பதினைந்து நாளுக்குப் பதிவு செய்து, ரசீதை இணைத்துவிட்டு மறுநாள் ரத்து செய்துவிடுவார்கள். தூதரகத்தில் யாராவது அந்த ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டால் கதை முடிந்தது. விசா மறுப்பு விழும். அதற்குப் பிறகு எந்த நாட்டு விண்ணப்பத்திலும் "முன்பு விசா மறுக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டியது நீங்கள், ஏஜென்ட் இல்லை. இதற்கு அவசியமே கிடையாது. சானி கணவாய்க்குக் கீழே உள்ள அண்டர்பெர்க், ஹைம்வில் ஊர்கள் பக்கம் பேக்பேக்கர் விடுதிகள் இருக்கின்றன. லெசோத்தோவில் மலியாலியா, செமோன்கோங் இரண்டு இடத்திலும் குதிரைப் பயணம் ஏற்பாடு செய்யும் லாட்ஜ்கள் உண்டு. கிராமங்களில் இரவு தங்குவதை அவர்களே ஏற்பாடு செய்வார்கள். அவர்கள் அனுப்பும் சாதாரண மின்னஞ்சல் உறுதிப்பாடு உண்மையான ஆவணம். அதை இணையுங்கள்.

இன்னொன்று, குழு விசா. 2025 ஜனவரியில் இந்திய, சீனச் சுற்றுலாக் குழுக்களுக்காக, பதிவு பெற்ற சுற்றுலா நிறுவனங்கள் வழியாக விசாவை எளிதாக்கும் திட்டத்தைத் தென்னாப்பிரிக்கா தொடங்கியது. நல்ல திட்டம்தான், குழுவாகப் போகிறவர்களுக்கு. "உங்கள் இரண்டு பேரையும் ஒரு குழுவில் சேர்த்துவிடுகிறேன், இறங்கியதும் நீங்கள் பாட்டுக்குப் போங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கேப் டவுன் பார்க்கப் போகும் குழுவின் பட்டியலில் பெயர் இருக்க, நீங்கள் சானியில் நின்றால் அதிகாரிக்கு என்ன சொல்வீர்கள்?

சரி, ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மலையேறும் நண்பர்கள் யாராவது இதைச் சொல்லி உங்களைக் குழப்புவார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். டிராகன்ஸ்பெர்க் விளிம்பில் நாட்டின் எல்லை நீர்ப்பிரி முகட்டின் மேலேயே ஓடுகிறது. வேலி இல்லை, சாவடி இல்லை. தென்னாப்பிரிக்காவின் மிக உயரமான சிகரமான மஃபாடி, 3450 மீட்டர், அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. முகட்டில் நடக்கிறவர் கால் ஒரு மணி நேரத்தில் பலமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே நடந்து முடிக்கிறவர்களும் உண்டு. யாரும் முத்திரை கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை? அவர்கள் தென்னாப்பிரிக்காவில் ஏறி, தென்னாப்பிரிக்காவிலேயே இறங்குகிறார்கள். கணினியில் அவர்கள் நாட்டை விட்டுப் போகவே இல்லை. சட்டம் இதை அனுமதித்திருக்கிறது என்று அர்த்தமில்லை, கண்டுகொள்வதில்லை என்றுதான் அர்த்தம். உங்கள் கதை வேறு. முகட்டைத் தாண்டி இறங்கி, கிராமத்தில் தூங்கி, ஷேர் டாக்ஸி பிடித்து எல்லைச் சாவடி இருக்கும் மசேரு பாலத்துக்கு வந்தால், லெசோத்தோ அதிகாரி நுழைவு முத்திரையைத் தேடுவார். இருக்காது. தலைகீழாகவும் நடக்கும். சானியில் முறைப்படி வெளியேறிவிட்டு, திரும்பும்போது மலை வழியாக டிராகன்ஸ்பெர்க்குக்குள் இறங்கிவிட்டால், ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் கணினி உங்களை "நாட்டை விட்டுப் போனவர்" என்று காட்டும். கையில் பலமுறை நுழைவு விசா இருந்தும் நீங்கள் சட்டவிரோதமாக உள்ளே வந்தவர். ஆகவே சாவடி வழியாகப் போனால் சாவடி வழியாகவே வாருங்கள். நடந்தே எல்லை தாண்ட ஆசை என்றால் அதற்கும் முறையான வழி உண்டு. புஷ்மன்ஸ் நெக் சாவடியில் முத்திரை வாங்கிக்கொண்டு செஹ்லாபதேபே தேசியப் பூங்காவுக்குள் நடந்தோ குதிரையிலோ மட்டும்தான் போக முடியும், வண்டிப் பாதையே கிடையாது. சானியிலும் நடக்கலாம். கீழ்ச் சாவடியிலிருந்து 2876 மீட்டர் உச்சிக்குச் சுமார் எட்டு கிலோமீட்டர், கடைசி வளைவுகள் செங்குத்து. வண்டி என்றால் நான்கு சக்கர இயக்க வண்டியைத்தான் கீழ்ச் சாவடியிலிருந்து மேலே விடுவார்கள். சாவடி மாலை மூடிவிடும், இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள்.

ஷேர் டாக்ஸி ஓட்டுநரோ எல்லையில் சுற்றும் ஆட்களோ "பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், வரிசையில் நிற்காமல் முத்திரை வாங்கித் தருகிறேன்" என்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். போலி முத்திரையும் முத்திரைதான் என்று அவர்கள் நினைக்கலாம், கணினி நினைக்காது. லெசோத்தோ போய் வந்தால் தென்னாப்பிரிக்காவில் புதிதாக 90 நாள் கிடைக்கும் என்ற பழைய கதையையும் மறந்துவிடுங்கள். 2014 விதிகளுக்குப் பிறகு அது செல்லாது. அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால், முப்பது நாளுக்குள் என்றால்கூட 12 மாதத் தடை, அதற்கு மேல் போனால் ஐந்து ஆண்டு.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி ஏஜென்ட் பயமுறுத்தியிருப்பார். இந்தியாவிலிருந்து நேராகவோ துபாய், தோஹா வழியாகவோ போனால் வேண்டாம். மலிவு டிக்கெட் என்று அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ ஊர் சுற்றினாலோ சான்றிதழ் வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். மலேரியா மாத்திரை விற்றால் வாங்காதீர்கள். லெசோத்தோவிலும் டிராகன்ஸ்பெர்க்கிலும் மலேரியா இல்லை.

பணத்துக்குத் தென்னாப்பிரிக்க ராண்ட் போதும். லெசோத்தோவின் லோட்டிக்கும் ராண்டுக்கும் மதிப்பு ஒன்றே, அங்கே ராண்ட் தாராளமாகச் செல்லும். லோட்டி தென்னாப்பிரிக்காவில் செல்லாது, மசேருவிலேயே செலவழித்துவிடுங்கள். கிராமத்தில் கூடாரம் அடிப்பதற்கு முன் ஊர்த் தலைவரைப் பார்த்து அனுமதி கேட்பது வழக்கம். அது கட்டணத்துக்காக அல்ல, மரியாதைக்காக.

ஜூன் மாதம் பற்றிக் கேட்டீர்கள். அங்கே அது நடுக்குளிர்காலம். மேட்டு நிலத்தில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும், பனி விழுந்தால் சானியை மூடிவிடுவார்கள், உங்கள் திரும்பும் தேதி கெட்டுப்போகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பிற்பகல் இடியும் மின்னலும் முகட்டில் நடப்பவரை விடாது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை போங்கள். அதற்கு விசா விண்ணப்பத்தை பிப்ரவரியில் கொடுத்துவிட வேண்டும்.