குழுமத்தின் பெயரில் கடிதம், ஓபரேஷன் எப்சமில்: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: தென்மேற்கு லண்டனில் டூட்டிங்கில் இருக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் மூட்டு மாற்று ஓபரேஷனுக்காகக் குடும்ப வைத்தியர் அவரைச் செயின்ட் ஜோர்ஜஸ் வைத்தியசாலைக்கு எழுதி அனுப்பினார். அங்கே நிபுணரையும் பார்த்தாயிற்று. இப்போது வந்த கடிதத்தின் தலைப்பில் செயின்ட் ஜோர்ஜஸ், எப்சம், செயின்ட் ஹெலியர் எல்லாம் சேர்த்து ஒரு குழுமத்தின் பெயர் இருக்கிறது. ஓபரேஷன் எப்சமில் என்று போட்டிருக்கிறார்கள். என்.எச்.எஸ். இங்கிலாந்தையே கலைக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்தோம். எங்கள் வைத்தியசாலையையும் கைகழுவப் போகிறார்களா? எப்சம் வேண்டாம் என்றால் அம்மா வரிசையில் பின்னுக்குப் போய்விடுவாரா?

பதில்: எப்சமுக்குப் போங்கள் என்பதுதான் என் பதில். அம்மாவுக்கு இதயம், நுரையீரல், சிறுநீரகம் சம்பந்தமான பெரிய சிக்கல் ஏதும் இருந்தால் மட்டும் முதலில் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். செய்தியில் பார்த்ததையும் கடிதத்தையும் நீங்கள் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை.

என்.எச்.எஸ். இங்கிலாந்து என்பது வைத்தியசாலை அல்ல, தலைமை நிர்வாக அமைப்பு. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, அமைச்சரிடமிருந்து ஒரு கை தள்ளி நின்று பணத்தைப் பங்கிடவும் மேற்பார்வை பார்க்கவும் உருவாக்கப்பட்டது. 2025 மார்ச் 13 அன்று பிரதமர் ஸ்டார்மர் அதைக் கலைத்துச் சுகாதாரத் திணைக்களத்துக்குள் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். 1948 ஜூலை 5 முதல் இயங்கும் என்.எச்.எஸ். என்ற பொதுச் சுகாதார சேவை அப்படியேதான் இருக்கிறது. அம்மாவின் ஓபரேஷனுக்கு ஒரு பென்னியும் கேட்க மாட்டார்கள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சுகாதாரம் அந்தந்த அரசுகளின் பொறுப்பு என்பதால், இங்கே நான் எழுதுவது எதுவும் அங்குள்ள வாசகர்களுக்குப் பொருந்தாது.

இனிக் குழுமத்துக்கு வருவோம். இது 2025இல் முளைத்ததல்ல. லண்டனில் மேலிடம் சட்டத்தை மாற்றும் ஒவ்வொரு தடவையும் வைத்தியசாலைகள் தங்களுக்குள் எப்படி ஒட்டிக்கொள்வது என்று கணக்குப் போட்டிருக்கின்றன. அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி கொண்டுவந்த 2012 சட்டம், வைத்தியசாலைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டால் தரம் உயரும் என்று நம்பியது. அதன் விளைவு விசித்திரமானது. போர்ன்மவுத்திலும் அதற்குப் பக்கத்துப் பூலிலும் இருந்த இரண்டு ட்ரஸ்ட்கள் (வைத்தியசாலைகளை நடத்தும் சட்டபூர்வ நிறுவனங்கள்) ஒன்றாக விரும்பியபோது, போட்டி குறைந்துவிடும் என்று 2013இல் போட்டி ஆணையம் தடுத்துவிட்டது. ஏதோ இரண்டு சூப்பர் மார்க்கெட்டுகள் இணைவதைத் தடுப்பது போல! அதே இரண்டும் 2020இல் இணைந்தன. இடையில் போன ஏழு ஆண்டுகளுக்கு யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

முழு இணைப்பு அவ்வளவு சிரமமானதாலும், சிறிய வைத்தியசாலைகள் பணத்திலும் ஆட்களிலும் தள்ளாடியதாலும், நடுவழி ஒன்று பிறந்தது. சட்டப்படி இரண்டு ட்ரஸ்ட்கள் தனித்தனியாகவே இருக்கும். மேலே தலைமை நிர்வாகியும் தலைவரும் பொதுவாக இருப்பார்கள். சல்ஃபோர்ட் ரோயல் வைத்தியசாலையின் தலைமை நிர்வாகி டேவிட் டால்டன் 2014 இறுதியில் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இந்தப் பாதைக்குப் பச்சைக்கொடி காட்டியது. செயின்ட் ஜோர்ஜஸும் எப்சம் – செயின்ட் ஹெலியரும் 2021இல் ஒரே தலைமை நிர்வாகியின் கீழ் வந்து குழுமம் ஆனது இந்த வகையில்தான். 2022 சட்டம் போட்டிக் கொள்கையைக் கைவிட்டு, இங்கிலாந்தை, அந்தந்தப் பகுதியின் சுகாதாரப் பணத்தைத் திட்டமிட்டுப் பங்கிடும் 42 ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைகளாகப் பிரித்து, ஒத்துழையுங்கள் என்றது. பத்து ஆண்டுகளுக்கு முன்னால் குற்றம் போலப் பார்க்கப்பட்டது கடமையாகிவிட்டது.

எல்லாக் குழுமங்களும் ஒரே மாதிரி என்று நினைக்க வேண்டாம். எட்மன்டனில் உள்ள நோர்த் மிடில்செக்ஸ் வைத்தியசாலை 2025 ஜனவரி 1 அன்று ரோயல் ஃப்ரீ ட்ரஸ்ட்டோடு முழுமையாகவே இணைந்துவிட்டது. அது இப்போது சட்டப்படி ஒரே நிறுவனம். பெயர்ப்பலகையை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் எந்த ட்ரஸ்ட்டின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். முறைப்பாடு, மருத்துவப் பதிவுகளின் பிரதி, காத்திருப்புக் கணக்கு எல்லாவற்றுக்கும் பொறுப்பு அந்த ட்ரஸ்ட்தான். அரசு 2025 செப்டெம்பரில் வெளியிட ஆரம்பித்த தரவரிசைப் பட்டியலிலும் குழுமங்களுக்கு இடமில்லை, ட்ரஸ்ட்களுக்குத்தான்.

2025 சீர்திருத்தத்தோடு குழுமங்கள் மேல் வந்த அழுத்தம் பெரும்பாலும் பணம் சம்பந்தமானது. பராமரிப்புச் சபைகள் நிர்வாகச் செலவைப் பாதியாக்க வேண்டும். ட்ரஸ்ட்கள், கொவிட்டுக்கு முன்பிருந்து கூடிய அலுவலகச் செலவில் பாதியை வெட்ட வேண்டும். இரண்டு சம்பளப் பிரிவு, இரண்டு கொள்முதல் பிரிவு, இரண்டு கணினிப் பிரிவு வைத்திருக்கும் குழுமத்துக்கு இதற்கு விடை ஏற்கனவே கையில் இருக்கிறது: ஒன்றாக்கு. கடிதத் தலைப்பு மாறுவது, தொலைபேசியை வேறொரு அலுவலகம் எடுப்பது, பழைய நேரடி எண் வேலை செய்யாமல் போவது எல்லாம் இந்த வழியில் வருகிற தலையிடிகள். வைத்தியத்தின் தரத்தை இவை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் அப்பொயின்மென்ட் கடிதம் ஒன்று காணாமல் போவதற்கு இந்தச் சமயம்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் அபிப்பிராயம். அதனால் என்.எச்.எஸ். ஆப்பை அம்மாவின் பெயரில் இப்போதே திறந்துவையுங்கள். அவருக்குப் பழக்கமில்லை என்றால், அவர் சார்பில் நீங்கள் பார்க்க அனுமதி பெறுவது பற்றிக் குடும்ப வைத்தியரின் (ஜீபி) அலுவலகத்தில் கேளுங்கள்.

சரி, ஏன் எப்சம்? இதற்கும் 2025 சீர்திருத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. தென்மேற்கு லண்டன் எலும்பு மூட்டு ஓபரேஷன் மையம் எப்சம் வைத்தியசாலை வளாகத்தில் 2004இலேயே தொடங்கிவிட்டது. செயின்ட் ஜோர்ஜஸ், கிங்ஸ்டன், குரோய்டன், எப்சம் – செயின்ட் ஹெலியர் ஆகிய நான்கு ட்ரஸ்ட்களின் கூட்டு முயற்சி அது. பெரிய அவசரப் பிரிவு உள்ள வைத்தியசாலையில் மாரிகாலம் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்: நிமோனியாவோடும் விழுந்து இடுப்பு முறிந்தும் வருகிறவர்கள் கட்டில்களை நிரப்புவார்கள். திட்டமிட்ட முழங்கால் ஓபரேஷன் அன்று காலையில் ரத்தாகும். வயதான அம்மா இரவிலிருந்து சாப்பிடாமல் காத்திருந்து திரும்பி வருவார். அவசர நோயாளர் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டில்களையும் ஓபரேஷன் அறைகளையும் தனியாக ஒதுக்கிவைத்தால் இது பெருமளவு குறைகிறது. ஒரே வகை ஓபரேஷனைத் திரும்பத் திரும்பச் செய்யும் குழுவுக்குக் கை பழகுகிறது. தொற்றுள்ள நோயாளர்களிடமிருந்தும் தூரமாக இருக்கலாம்.

அவசரத்தையும் திட்டமிட்டதையும் பிரிக்கும் இந்த வேலையைத்தான் இப்போது நாடெங்கும் குழுமங்கள் பெரிதாகச் செய்கின்றன. மேலிடத்தின் அழுத்தமும் அந்தத் திசையிலேயே இருக்கிறது. நோயாளர்களில் 92 சதவீதத்தினருக்கு 18 கிழமைக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2016க்குப் பிறகு எட்டப்படவில்லை. 2029 மார்ச்சுக்குள் அதை எட்டுவதாக அரசு வாக்குக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு வைத்தியசாலையும் எல்லாவற்றையும் செய்துகொண்டு அந்த இலக்கைத் தொட முடியாது என்பதைக் குழும நிர்வாகிகள் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கினாலும், அவர்களுடைய திட்டங்கள் எல்லாம் அதையே சொல்கின்றன. என்னைக் கேட்டால், மூட்டு ஓபரேஷன் விஷயத்தில் அவர்கள் செய்வது சரி. பிரசவப் பிரிவு, குழந்தைகள் அவசரப் பிரிவு என்று வரும்போது கணக்கு வேறு. அங்கே தூரமே ஆபத்து.

எப்சம் எல்லோருக்கும் பொருந்துமா என்றால், இல்லை. ஓபரேஷனுக்கு முன்னான பரிசோதனைக்கு அழைப்பார்கள். கடுமையான இதயக் கோளாறு, கட்டுப்படாத நீரிழிவு, டயாலிசிஸ், முன்பு மயக்க மருந்தில் ஏற்பட்ட சிக்கல் எதுவும் இருந்தால் அன்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட சிலருக்குப் பெரிய வைத்தியசாலையே பாதுகாப்பானது என்று மயக்க மருந்து நிபுணர் முடிவெடுக்கலாம். அம்மா குடிக்கும் மருந்துகளின் பெட்டிகளையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருவிக்கும் ஆயுர்வேத எண்ணெய், குளிகை ஏதாவது இருந்தால் அதையும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அது இலவசம். இலங்கைத் தமிழ் பேசுகிறவர் என்று குறிப்பிட்டுக் கேட்பதில் தவறில்லை. நீங்களே மொழிபெயர்ப்பதைத் தவிருங்கள். பிள்ளை பக்கத்தில் இருந்தால் அம்மாமார் வலியைக் குறைத்தும் பயத்தை மறைத்தும்தான் பேசுவார்கள்.

மறுத்தால் என்ன ஆகும்? ஜீபி எழுதி அனுப்பும் நேரத்தில், முதல் நிபுணர் அப்பொயின்மென்டுக்கு எந்த வைத்தியசாலை என்று தேர்வு செய்யும் சட்ட உரிமை உங்களுக்கு உண்டு. என்.எச்.எஸ்.ஸுக்காக வேலை செய்யும் தனியார் வைத்தியசாலைகளும் அந்தப் பட்டியலில் இருக்கும், அங்கேயும் கட்டணமில்லை. புற்றுநோய் சந்தேகத்தில் அவசரமாக அனுப்பப்படுகிறவர்களுக்கும் பிரசவத்துக்கும் இந்த உரிமை வேறு விதமானது. உங்கள் விஷயத்தில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இனி இடம் மாற்றக் கேட்பது உரிமை அல்ல, வேண்டுகோள். 18 கிழமை தாண்டியும் சிகிச்சை தொடங்கவில்லை என்றால், வேறு இடத்தில் விரைவாகச் செய்ய வழி பார்க்கும்படி ட்ரஸ்ட்டையோ பராமரிப்புச் சபையையோ கேட்கும் உரிமை திரும்பக் கிடைக்கிறது.

ஒரு தேதி ஒத்துவரவில்லை என்பதற்காக மட்டும் யாரும் அம்மாவைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. குறைந்தது மூன்று கிழமை முன்னறிவித்தலோடு இரண்டு தேதிகள் தருவதைத்தான் நியாயமான அழைப்பு என்று என்.எச்.எஸ். விதிகள் கருதுகின்றன. நியாயமான தேதிகளைத் திரும்பத் திரும்ப மறுத்தால், நிபுணர் பார்த்து, ஜீபியிடமே திருப்பி அனுப்பலாம். ஆகவே மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். வேறு வைத்தியசாலைக்கு மாற முடிவு செய்தாலும், புதிய இடம் எழுத்தில் உறுதிப்படுத்தி, இதுவரை காத்திருந்த காலத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று சொல்லும்வரை பழைய இடத்தை விட வேண்டாம். பேசிச் சரிவராவிட்டால் வைத்தியசாலையின் பால்ஸ் என்ற நோயாளர் உதவிப் பிரிவுக்குப் போங்கள். முறையான முறைப்பாட்டை விட அவர்கள் ஒரு போனில் விரைவாக முடித்துத் தருவதுண்டு.

பயணம் நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். டூட்டிங் பிரோட்வேயில் நோதர்ன் லைன் பிடித்து மோர்டனில் இறங்கினால், 293ஆம் இலக்க பஸ் எப்சம் வைத்தியசாலைக்கே போகிறது. பரிசோதனை நாட்களுக்கு அம்மாவின் ஃப்ரீடம் பாஸ் (முதியோருக்கான இலவசப் பயண அட்டை) போதும். ஆனால் வார நாட்களில் அது காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், ஓபரேஷன் அன்று பெரும்பாலும் அதற்கு முன்பே வரச் சொல்வார்கள். ஓபரேஷன் முடிந்து திரும்பும்போது பஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை, யாராவது காரில் கூட்டி வர வேண்டும். அம்மா பென்ஷன் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்த முதியோருக்கான உதவிப் பணத்தில் 'கரண்டி கிரெடிட்' பகுதியை எடுக்கிறவரானால் பயணச் செலவைத் திரும்பப் பெறலாம். பற்றுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உடல்நிலை காரணமாகப் பொதுப் போக்குவரத்தில் போகவே முடியாதவருக்கு நோயாளர் வாகனம் உண்டு. அதற்கு மருத்துவக் காரணம் வேண்டும், தூரம் மட்டும் போதாது.

உங்கள் வைத்தியசாலையைக் கைகழுவுவார்களா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. செயின்ட் ஜோர்ஜஸ் விபத்து, மூளை, இதய சிகிச்சைகளுக்கான பெரிய மையம். அதை மூடுவதாக எந்தப் பேச்சும் இல்லை. குழுமத்தின் உண்மையான தலையிடி செயின்ட் ஹெலியர். 1930களில் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. அவசரப் பிரிவையும் பிரசவப் பிரிவையும் சட்டன் (Sutton) என்ற ஊரில் புதிதாகக் கட்டும் வைத்தியசாலைக்கு மாற்ற 2020இல் முடிவெடுத்தார்கள். 2025 ஜனவரியில் அரசு புதிய வைத்தியசாலைத் திட்டத்தின் கால அட்டவணையை மாற்றியபோது, கட்டட வேலையின் தொடக்கமே 2030களுக்குத் தள்ளிப்போனது. மோர்டன், மிச்சம் (Mitcham) பக்கம் இருக்கும் நம்மவர்களைத் தொடப்போவது கடிதத் தலைப்பு அல்ல, இதுதான்.

இப்படிப்பட்ட பெரிய மாற்றத்தைக் குழுமம் தன்னிச்சையாகச் செய்ய முடியாது. மக்களை ஈடுபடுத்துவது சட்டக் கடமை. உள்ளூராட்சி மன்றங்களின் சுகாதார ஆய்வுக் குழு கேள்வி கேட்கலாம், அமைச்சரே தலையிட்டு முடிவை எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் 2024 முதல் உண்டு. கலந்தாய்வு அறிவித்தல் வரும்போது தமிழில் தகவல் கேளுங்கள். கூட்டத்துக்குப் போனால் 'மூடாதீர்கள்' என்பதைவிட, 'இரவு 2 மணிக்கு மிச்சத்திலிருந்து கார் இல்லாத கர்ப்பிணி எப்படிப் போவார், எத்தனை நிமிடம்?' என்று கேட்பது பலன் தரும். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டியிருக்கும்.

ஓபரேஷன் தேதி வந்தவுடன் செய்ய வேண்டிய ஒன்று: வீடு திரும்பிய பிறகு பிசியோதெரபி எங்கே என்று பரிசோதனை நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓபரேஷன் எப்சமில் நடந்தாலும் பிசியோவை வீட்டுக்குப் பக்கத்தில் கேட்கலாம். உயர்த்திய கழிப்பறை இருக்கை, கைப்பிடி, ஊன்றுகோல் எல்லாம் யார் தருவார்கள், எப்போது வீட்டுக்கு வரும் என்பதையும் அன்றே கேளுங்கள். ஓபரேஷன் ஒரு ட்ரஸ்ட்டிலும் பின்பராமரிப்பு இன்னொரு இடத்திலும் நடக்கும்போது இவைதான் இடையில் விழுந்துபோகும்.