போய்ட்டு வரேன்னு சொல்லலாமா, டீச்சர்?

இரண்டு இதழ்களுக்கு முன்பு, பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் மாணவர்களைக் கம்போடியாவுக்குத் தொண்டூழியத்துக்கு அழைத்துப் போனதைப் பற்றி இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஜூன் விடுமுறை வேறு நெருங்குகிறது. அதனால் இந்த முறை சமையல், மாமியார், மதிப்பெண் கேள்விகள் எல்லாம் காத்திருக்கட்டும். நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அன்புள்ள டீச்சருக்கு, நான் உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். ஜூனில் எங்கள் பள்ளியிலிருந்து இருபது பேர் சியெம் ரீப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளிக்குப் போகிறோம். வகுப்பறைக்கு வண்ணம் பூச வேண்டும், பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டும் விளையாட்டும் சொல்லித்தர வேண்டும். கடைசி நாள் எல்லார் சார்பிலும் பேச என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் நாடகம் பார்த்தே அழுபவள். என்ன பேசுவது? நடுவில் அழுதுவிட்டால் என்ன செய்வது?
– மாணவி, ஈசூன்

பதில்: பேச்சை அப்புறம் பார்ப்போம் கண்ணு. முதலில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

2007 டிசம்பர். எனக்கு அதுதான் முதல் பயணம். கடைசி நாள் எல்லாரும் வேனில் ஏறியாயிற்று, எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வயசுப் பெண் ஒருத்தி, மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்தவள், என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு நாளும் எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, “போய்ட்டு வரேண்டா” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி வளர்ந்த வாய். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது “போறேன்” என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார், “போய்ட்டு வரேன்னு சொல்லு” என்று.

பக்கத்தில் நின்ற மாணவன் அதை வழிகாட்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னான்: டீச்சர் திரும்பி வருவாராம். வழிகாட்டி அதை கெமர் மொழியில் அவளிடம் சொன்னார். அவள் ஒரே ஒரு சொல்லில் ஏதோ கேட்டாள். “எப்போது என்று கேட்கிறாள்” என்றார் வழிகாட்டி. டிரைவர் ஹாரன் அடித்தார். “அடுத்த வருஷம்” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

அடுத்த வருஷம் எங்கள் பள்ளி வியட்நாமுக்குப் போனது. அதே கிராமத்துக்கு நான் மறுபடி போனது 2010இல்தான். அந்தப் பள்ளியிலும் இரண்டு வேளை முறை. பாதிப் பிள்ளைகள் காலையில் வருவார்கள், பாதிப் பேர் மதியம். இவள் காலை வேளைக்காரி. 2008 டிசம்பரில் மதியமும் வந்து வாசல் பனைமரத்தடியில் நின்றாளாம். யாருக்காக என்று கேட்டதற்கு என்னைச் சொன்னாளாம். “ஒரு வாரம் வந்தாள், அப்புறம் வரவில்லை” என்றார் தலைமையாசிரியை. நான் போனபோது குடும்பமே வேலை தேடித் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டிருந்தது. தலைமையாசிரியை இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு இளநீர் சீவிக் கொடுத்துக்கொண்டே, ஊர்ச் செய்திகளில் ஒன்றாகச் சொன்னார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, “மறுபடி வருவோம்” என்று பேச்சில் எழுதி வைத்திருந்தால் இப்போதே அடித்துவிடு. நீ சொல்லாமல் உன் நண்பர்கள் வேன் ஜன்னல் வழியாகக் கத்தினாலும் அதே கதைதான். எல்லாரிடமும் முன்பே பேசி வை.

கடைசி நாள் விஷயத்தை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். 2010க்குப் பிறகு நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். பள்ளியில் இருக்கப்போவது எட்டு நாள் என்றால் கரும்பலகை ஓரத்தில் எட்டு வட்டம். தினமும் காலையில் ஒரு பிள்ளை வந்து ஒன்றை அழிக்கும், மற்றவர்கள் மிச்சத்தை எண்ணுவார்கள்: முவாய், பீ, பேய், புவான், ப்ராம். கெமரில் ஐந்துக்கு மேல் ஒன்பது வரை புதுச் சொல் கிடையாது. ஆறு என்றால் ப்ராம்-முவாய், ஐந்தும் ஒன்றும். என் மாணவர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம்முடைய ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரத்தை அங்கே யாரும் விளக்கச் சொல்லாததால் மானம் தப்பியது. ஒரு வருஷம் நான்காம் நாள் காலை ஐந்து வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது. எந்தப் பிள்ளை சாக்பீஸை எடுத்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் எல்லார் முன்னாலும் எண்ணி, இரண்டை நானே அழித்தேன். கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

சரி, பேச்சு. மூன்று நிமிடத்தைத் தாண்டாதே. மொழிபெயர்ப்போடு அது ஆறு நிமிடம், பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். “உங்களால் என் வாழ்க்கையே மாறிவிட்டது” மாதிரி எதுவும் வேண்டாம்; அது உண்மையா என்று உனக்கே இன்னும் ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். யார் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று பெயர் சொல்லிச் சொல். இன்னார் எனக்கு ஐந்து வரை எண்ணக் கற்றுக்கொடுத்தான், இன்னார் சோற்றில் மீன் முள்ளைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னாள். பெயர் வந்ததும் அந்தப் பிள்ளை முகத்தைப் பார், புரியும். பெயர்களைச் சரியாக உச்சரிக்க முதல் நாளிலிருந்தே பழகிக்கொள். உன்னை அவர்கள் “பொங்” என்பார்கள். அக்காவுக்கும் அண்ணனுக்கும் அது ஒரே சொல்தான்.

ஆசிரியரை “லோக் க்ரூ” என்றும் ஆசிரியையை “நேக் க்ரூ” என்றும் கூப்பிட வேண்டும். நம் குருதான் அந்த க்ரூ. கை கூப்புவதில் அங்கே உயரத்துக்குக் கணக்கு உண்டு. தோழர்களுக்கு மார்பளவு, பெரியவர்களுக்கு வாயளவு, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் மூக்களவு, பிக்குகளுக்குப் புருவம் வரை. நன்றிக்கு “ஓர்குன்”. பெரியவர்களிடம் விடைபெற “சும்ரியாப் லியா”. பிள்ளைகளிடம் “லியா ஹாவ்ய்” போதும். விடைபெற்றாயிற்று என்கிற மாதிரி. திரும்பி வருவதைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை, பார்த்தாயா?

அழுகை வந்தால் அழு, தப்பில்லை. ஒரு பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மட்டும் அழாதே. அது தன் அழுகையை நிறுத்திவிட்டு உன் கண்ணைத் துடைக்கும். எட்டு வயசுக்கு அந்த வேலை எதற்கு? பஸ்ஸில் ஏறி அழு. 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அழுது, தூங்கி, விழித்து, பசி வந்து, பையிலிருக்கும் முறுக்கைத் தின்றும் முடித்துவிடலாம்.

இன்னொன்று. கையிலிருக்கும் கடிகாரத்தைக் கழற்றி ஒரே ஒரு பிள்ளைக்குக் கொடுக்காதே. ஒரு மாணவன் கடைசிக்கு முந்தின நாள் அப்படிச் செய்தான். மறுநாள் முழுக்க முப்பது ஜோடிக் கண்கள் அந்த ஒரு மணிக்கட்டையே பார்த்தன. ஏதாவது கொடுப்பதாக இருந்தால் தலைமையாசிரியரிடம், பள்ளிக்கு.

கேள்வி: எங்கள் மாணவர்களின் பயணத்துக்கு ஏற்பாடு செய்பவர்கள், கடைசி இரண்டு நாளை ஒரு ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில் கழிக்கலாம் என்கிறார்கள். போன வருஷக் குழு விடைபெறும்போது பிள்ளைகள் கதறி அழுத வீடியோவைக் காட்டினார்கள். பார்த்த பெற்றோர்கள் கலங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் என்னவோ போல் இருந்தது. நான் தேவையில்லாமல் தயங்குகிறேனா?
– ஆசிரியர், ஜொகூர் பாரு

பதில்: தயக்கம் சரியானது சார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டே நாள் பழகியவர்கள் போகும்போது ஒரு பிள்ளை கதறி அழுகிறது என்றால், அதற்கு முன்னால் எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். கிராமப் பள்ளிப் பிள்ளை நாம் போனதும் வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் புலம்பும், ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கும். இல்லத்துப் பிள்ளைக்கு அடுத்த திங்கட்கிழமை அடுத்த குழு.

கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்கள் 2005இல் 154 இருந்தன, 2010இல் 269. நாட்டில் அநாதைகள் பெருகியதால் இல்லை. 2011இல் யூனிசெஃப் துணையோடு வெளிவந்த ஆய்வு, இல்லப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பதாகச் சொன்னது. சோறும் படிப்பும் கிடைக்குமே என்று ஏழைப் பெற்றோர் விடுகிறார்கள். பார்க்க வருகிறவர்களும் நன்கொடையும் கூடக் கூட இல்லங்களும் கூடின. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசியது.

ஏற்பாட்டாளர்களிடம் இவ்வளவும் விளக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு நாளையும் கிராமப் பள்ளியிலேயே கூட்டிக்கொள்கிறோம் என்று சொன்னால் போதும். அந்த வீடியோவை இனி யாருக்கும் காட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அழுகிற பிள்ளையின் முகத்தைப் படம் எடுக்க அதனிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

கேள்வி: டீச்சர், மார்ச் விடுமுறையில் போய்வந்தோம். கடைசி நாள் எல்லாரும் அழுதார்கள், எங்கள் சார் உட்பட. எனக்கு அழுகையே வரவில்லை. எப்போது வீட்டு பாத்ரூமில் குளிப்போம் என்றுதான் இருந்தது. நண்பர்கள் ‘கல்நெஞ்சன்’ என்கிறார்கள். உண்மையா?
– மாணவன், தெம்பனிஸ்

பதில்: இல்லை. எனக்கு வயிற்றுப்போக்கு வந்த வருஷம் நானும் அழவில்லை. இருபது பேர் அழும்போது லக்கேஜை எண்ணுவதற்கும் பாஸ்போர்ட் பையைப் பார்ப்பதற்கும் ஒரு ஆள் வேண்டும். நண்பர்களிடம் அதைச் சொல்லு.

கேள்வி: என் மகள் போன டிசம்பரில் கம்போடியா போனாள். திரும்பி வந்து ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை, அப்புறம் தேறிவிட்டாள். ஆனால் ஒன்று. கிளம்பும்போது தங்கியிருந்த வீட்டுப் பாட்டி, பனை ஓலையில் சுற்றிய ஒரு பொட்டலம் கொடுத்தாராம், கருப்பட்டி மாதிரி இருக்கிறது. ஐந்து மாதமாக அதை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். யாரையும் தொடவிடுவதில்லை. இப்போது கசிய ஆரம்பித்து எறும்பு வருகிறது. கையில் பிக்கு கட்டிய சிவப்புக் கயிறு வேறு, நிறம் போய் நூலாகிவிட்டது, அவிழ்க்கவும் மாட்டேன் என்கிறாள். நான் தூக்கிப் போட்டால் ரகளையாகிவிடும். என்ன செய்யட்டும்?
– ஒரு அம்மா, செங்காங்

பதில்: கயிற்றை விட்டுவிடுங்கள், அது தானாக அறுந்து விழும்.

கருப்பட்டி மாதிரி இல்லை அம்மா, கருப்பட்டியேதான். கம்போடியாவின் தேசிய மரம் பனை. தமிழ்நாட்டுக்கும் மாநில மரம் அதுதானே. அங்கே பெயர் த்னாவ்த். பந்தேய் ஸ்ரேய் கோயிலுக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வீடு வாசலில் பெரிய வாணலியில் பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். வட்ட வட்டமாக வார்த்து, ஓலையில் அடுக்கிச் சுற்றுவார்கள். முதல் தடவை அந்த வாசனை வந்தபோது நான் வேனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். என் பாட்டி வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது.

உங்கள் மகளுக்கு அது நினைவுப் பொருள். கொடுத்த பாட்டிக்கு அது சாப்பாடு, வழியில் பசிக்குமே என்று கட்டிக் கொடுத்தது. ஐந்து மாதமாக இழுப்பறையில் எறும்புக்கு வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் பாட்டி என்ன சொல்வார் என்று மகளிடமே கேளுங்கள். திட்டிக் கேட்காதீர்கள், சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள்.

சம்மதித்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள், எறும்பும் தூசியும் போய்விடும். புளித்த வாடை அடித்தால் மட்டும் வேண்டாம். நன்றாக இருந்தால் பாசிப்பருப்பை வறுத்து வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டுப் பாயசம் வையுங்கள். கிண்டுவது அவளாக இருக்கட்டும். அடுப்படியில் நிற்கும்போது அந்தப் பாட்டியைப் பற்றி அவளே பேசுவாள், நீங்கள் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தால் போதும். ஓலையை அலசி நிழலில் காயவைத்து அவளிடமே கொடுத்துவிடுங்கள், அதற்கு எறும்பு வராது.