டவரில் போனைப் 'பதிய' நாலாயிரம் ரூபாயா?

கேள்வி: ஒத்தக்கடையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு நரசிங்கத்தில். வீட்டுக்குப் போகும் வழியில், யானைமலை அடிவாரத்தில் ஒரே இடத்தில் தினமும் கால் கட் ஆகிறது. கம்பெனி ஆள் என்று ஒருவர் கடைக்கு வந்தார். "உங்க போனோட ஐஎம்இஐ நம்பர் ஒரு டவரில்தான் பதிவாகியிருக்கு, ரெண்டு டவரிலும் பதிஞ்சா கட் ஆகாது" என்று சொல்லி 4,000 ரூபாய் கேட்கிறார். ஆதாரையும் போட்டோ எடுத்துக்கொண்டார். பணத்தைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போன் கருவிக்கும் உள்ள அடையாள எண், அவ்வளவுதான். டவரில் எந்தப் போனையும் யாரும் கையால் பதிந்து வைப்பதில்லை. அப்படி ஒரு வேலையே கிடையாது.

பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்குகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசத் தொடங்கியதும் டவர் உங்கள் போனுக்கு ஒரு தற்காலிக எண்ணைக் கொடுக்கிறது. போன் சும்மா இருக்கும்போது அந்த எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், பிறகு வேறொருவருக்குக் கொடுக்கும். ஒரு டவரின் ஆன்டெனா பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு 'செல்' என்று பெயர். ஒவ்வொரு செல்லுக்கும் இப்படி 65,000 எண்களுக்கு மேல் இருக்கின்றன. ஹைகோர்ட் கிளையில் வழக்குக் கூட்டம் நிரம்பி வழியும் நாளிலும் எண் தீராது, வேகம்தான் குறையும். இத்தனையும் கருவி தானாகச் செய்வது. நிமிடத்துக்கு நிமிடம் மாறும் எண்ணை எந்த மனிதர் உட்கார்ந்து பதிவார்?

ஒரு டவரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது (இதற்கு 'ஹேண்டோவர்' என்று பெயர்), அடுத்த டவர் தன் சீட்டை முன்கூட்டியே பழைய டவர் வழியாகக் கொடுத்துவிடும். சில இடங்களில் இரண்டு மூன்று ஆன்டெனாக்கள் கூடி ஒரே போனைக் கவனிப்பதும் உண்டு. ஒரே சீட்டை வைத்து இரண்டு டாக்டர்கள் பார்ப்பது போல. அப்போது, அதே எண் பக்கத்தில் இன்னொருவரிடமும் இருக்காதபடி ஆன்டெனாக்களை நடத்தும் கருவிகளே பார்த்துக்கொள்ளும். உங்கள் ஐஎம்இஐக்கு இதில் வேலையே இல்லை.

அப்படியானால் கால் ஏன் கட் ஆகிறது? உங்கள் போனுக்கு எண் இருப்பதுபோல் டவர் செல்களுக்கும் எண் உண்டு, அதை 'பிசிஐ' என்பார்கள். 4ஜியில் மொத்தமே 504, 5ஜியில் 1,008. மதுரையைச் சுற்றியுள்ள அத்தனை செல்லுக்கும் இதையே திரும்பத் திரும்பத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரே எண்ணுள்ள இரண்டு செல்கள் உங்கள் டவருக்குப் பக்கத்து வீடாக அமைந்துவிட்டால் வந்தது வினை. "142 நன்றாகக் கேட்கிறது" என்று போன் சொல்லும், டவர் வேறொரு 142க்கு அனுப்பிவிடும். கால் அறுந்துவிடும். யானைமலை மாதிரி நீண்ட பாறை ஒரு டவரை மறைத்து, கணக்கிலேயே இல்லாத தூரத்து டவரை எட்டிப் பார்க்க விடும். ஒரே இடத்தில் தினமும் அறுவதால் எனக்கு இதில்தான் சந்தேகம். அல்லது மலை மறைவில் சிக்னலே இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் சரிசெய்ய வேண்டியது கம்பெனி, அதுவும் இலவசமாக.

ஐஎம்இஐ குறுக்கே வரும் இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் வந்தவரைப் போன்றவர்கள் அதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். திருட்டுப் போனை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பிளாக் செய்தால், அந்த ஐஎம்இஐ உள்ள போன் எந்த கம்பெனி சிம்மிலும் வேலை செய்யாது. கவனியுங்கள், இந்தியாவில் எங்குமே வேலை செய்யாது. மலையடிவாரத்தில் மட்டும் அறுந்து வீட்டில் நன்றாகப் பேசுகிறது என்றால் அது பிளாக் இல்லை. இரண்டு சிம் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ இருப்பதும் கோளாறு இல்லை. செகண்ட் ஹேண்ட் போன் என்றால் மட்டும் *#06# அடித்து 15 இலக்க எண்ணை எடுங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, அந்த எண், இப்படி 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் விவரம் வரும். "ஐஎம்இஐயை மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடைப் படியை மிதிக்காதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் கருவியும் வாங்க வேண்டாம், உங்கள் வீட்டுக் கருவி ஊர் டவரையே கெடுத்துவிடும்.

198க்குப் போன் போடுங்கள். "போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். பத்து தடவை ஆன் செய்தாலும் டவர் எண் மாறாது என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும், ஆனால் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிக்கிறார்கள். நானே ஒருமுறை புகார் கொடுத்தேன். ஒருவரும் வந்து பார்க்காமலேயே "தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது. விடாதீர்கள். இடம், நேரம், எத்தனை தடவை என்பதை ஒரு வாரம் குறித்து, "ஹேண்டோவர் ஃபெயில் ஆகுது, பக்கத்து செல் பிசிஐ பார்க்கச் சொல்லுங்க, டிரைவ் டெஸ்ட் வேணும்" என்று இதே வார்த்தைகளில் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். டிரைவ் டெஸ்ட் என்றால் வண்டியில் சுற்றி வந்து சிக்னலை அளப்பது. சரிசெய்யாமல் மூடினால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், கட்டணம் இல்லை.

அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே ஒரு வேலை. அந்த ஆளிடம் உங்கள் ஆதார் போட்டோ இருக்கிறது. சஞ்சார் சாத்தியில் உங்கள் மொபைல் எண்ணைப் போட்டு, உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே 'என் எண் இல்லை' என்று குறித்துவிடுங்கள். அடுத்த வாரம் மறுபடி ஒருமுறை பாருங்கள்.