கட்டடத்தில் மின்சாரத்தைச் சேமித்தால் உடல்நலம் கெடுமா?

கோலாலம்பூரில் ஓர் அலுவலகக் கோபுரத்தில் வேலை செய்யும் நீங்கள் கேட்டிருப்பது இது: கட்டட நிர்வாகம் மின்சாரச் சேமிப்பு நடவடிக்கைகளைத் தொடங்கிய பிறகு சக ஊழியர்கள் பலருக்குப் பிற்பகலில் தலைவலி வருகிறது, கட்டடங்களின் எரிசக்திப் பயன்பாட்டுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டா, ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

தொடர்பு உண்டு. எங்கே சேமிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது நன்மையாகவும் முடியும், கெடுதலாகவும் முடியும். நான் பதினாறு ஆண்டுகளாகக் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டடங்களின் குளிர்சாதன அமைப்புகளைச் சோதித்து, மின்கட்டணத்தைக் குறைக்க வழி சொல்லும் வேலையில் இருப்பவன். ஆகவே என் பேச்சில் தொழில்காரனின் சாய்வு கொஞ்சம் இருக்கும்.

முதலில் நன்மையைப் பார்ப்போம். ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அமெரிக்கா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி, துருக்கி ஆகிய ஆறு நாடுகளில் 2000 முதல் 2016 வரை லீட் எனப்படும் அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெற்ற கட்டடங்களை எடுத்துக்கொண்டது. அவை மிச்சப்படுத்திய மின்சாரத்தின் மதிப்பு 750 கோடி டாலர். அந்த மின்சாரத்தை உற்பத்தி செய்யாமல் விட்டதால் குறைந்த காற்று மாசும் கரியமில வாயுவும் உடல்நலத்துக்கும் பருவநிலைக்கும் தந்த பயன் மேலும் 580 கோடி டாலர். அமெரிக்காவில் இந்தக் கூடுதல் பயன் மின்சாரச் சேமிப்புக்கு ஏறக்குறைய நிகராக இருந்தது என்றும், வளரும் நாடுகளில் அது பத்து மடங்கு வரை போகக்கூடும் என்றும் அவர்கள் கணித்தார்கள். காரணம் எளியது: நிலக்கரியை அதிகம் எரித்து, புகையைக் குறைவாக வடிகட்டும் நாட்டில் ஒரு யூனிட் மிச்சமானாலும் அதன் பலன் பெரியது. மலேசியா அந்த ஆறில் இல்லை. ஆனால் தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. மாஞ்சோங், காப்பார், ஜிமா, தஞ்சோங் பின் ஆகிய நிலையங்களின் பெயரை நம்மில் பலர் கேட்டிருப்போம். காப்பார் நிலையம் கிள்ளானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு மாடியைத் தேவைக்கு மேல் குளிர வைப்பதற்கான விலையில் ஒரு பகுதியை, அந்த மாடியில் ஒருநாளும் கால் வைக்காத ஒருவரின் நுரையீரல் கட்டுகிறது.

ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இத்தகைய ஆய்வுகளில் வருபவை மாதிரிகளை வைத்துப் போட்ட கணக்குகள். சான்றிதழில் எழுதியிருக்கும் சேமிப்பும் மீட்டர் காட்டும் சேமிப்பும் ஒன்றாக இராத கட்டடங்களை நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் தலைவலிக்கான விடை கட்டடத்துக்கு உள்ளே இருக்கிறது. அதன் வரலாறு 1973 எண்ணெய் நெருக்கடியில் தொடங்குகிறது. மேற்கு நாடுகளில் எரிபொருளை மிச்சப்படுத்தக் கட்டடங்களைக் காற்றுப் புகாமல் அடைத்தார்கள். வெளிக்காற்றின் அளவையும் குறைத்தார்கள். அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 1981-இல் வெளியிட்ட தரநிலை, புகைபிடிக்காத அலுவலகத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. கண்ணெரிச்சல், தொண்டை வறட்சி, தலைவலி, சோர்வு என்று புகார்கள் குவிந்தன. கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் அவை மறைந்துவிடும். அதற்கு 'நோயுற்ற கட்டட நோய்க்குறி' என்று பெயரே வந்துவிட்டது. 1989-இல் அதே சங்கம் அலுவலகங்களுக்கான அளவை 20 கன அடியாக உயர்த்தியது. அதாவது, உங்கள் நிர்வாகம் இன்று செய்திருக்கக்கூடிய தவற்றை உலகம் ஏற்கெனவே ஒருமுறை செய்து, திருத்தியும் கொண்டது.

பிறகு வந்த ஆய்வுகளில் இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரே நிறுவனத்தின் 3,720 ஊழியர்களை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஆய்வு, குறுகிய கால மருத்துவ விடுப்பில் 35 விழுக்காட்டைக் குறைந்த காற்றோட்டத்தோடு தொடர்புபடுத்தியது. சிராக்யூஸ் நகரில் 24 பேரை ஆறு நாட்கள் ஆய்வுக்கூட அலுவலகத்தில் உட்கார வைத்து, அவர்களுக்குத் தெரியாமல் காற்றை மாற்றி நடத்திய ஹார்வர்ட் ஆய்வில், கரியமில வாயு 550 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 550 பங்கு) அளவில் இருந்த நாட்களோடு ஒப்பிட்டால் 1,400 அளவில் இருந்த நாளில் சிந்தனைத் தேர்வு மதிப்பெண் பாதியாகக் குறைந்தது. இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பயமுறுத்தும் கருவி விற்பனையாளர்கள் நிறைய பேர். டென்மார்க்கில் நடந்த சோதனையில், தூய கரியமில வாயுவை மட்டும் 3,000 வரை கூட்டியபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மனித உடலிலிருந்து வரும் ஆவிகளும் சேர்ந்து தேங்கியபோதுதான் தலைவலியும் சோர்வும் வந்தன. ஆகவே கரியமில வாயு அளவை, அறையில் எவ்வளவு பழைய காற்று சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளமாகவே நான் பார்க்கிறேன். நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத் தர நடைமுறைக் கோவை 1,000 பிபிஎம்-ஐ வரம்பாக வைத்திருக்கிறது. வெப்பநிலை 23 முதல் 26 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு.

சில ஆண்டுகளுக்கு முன் நகர மையத்தில் ஒரு கட்டடத்தின் பதினான்காம் மாடிக்குச் சோதனைக்குப் போனேன். காலை ஒன்பது மணிக்குக் கரியமில வாயு 620 என்று காட்டிய கருவி, மூன்றரை மணிக்கு 1,980 காட்டியது. அறையின் வெப்பநிலையோ 20.5 டிகிரி. கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அக்கா ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டபடி, "தம்பி, மூணு மணி ஆனா பனடோல் போட்டுட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்" என்றார். ஏ.எச்.யூ. எனப்படும் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் இயந்திர அறையைத் திறந்து பார்த்தால், வெளிக்காற்று வரும் டேம்பரை, அதாவது காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தடுப்பை, இறுக மூடிக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். "பில் கூடுதுன்னு மேல இருந்து மூடச் சொன்னாங்க அண்ணே, மூணு வருஷமாச்சு" என்றார் தெக்னிஷியன். குளிர்நீர் வால்வு முழுக்கத் திறந்த நிலையில் சிக்கியிருந்ததை அந்த மூன்று வருடமும் யாரும் கவனிக்கவில்லை. காற்றை அடைத்து மிச்சம் பிடித்த பணத்தை, யாருக்கும் வேண்டாத குளிருக்குக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து நான் செய்தது என் தவறு. அமெரிக்க ஆய்வுகளைப் படித்த வேகத்தில், டேம்பரை முழுவதும் திறக்கச் சொல்லிவிட்டேன். மூன்றாம் வாரத் திங்கட்கிழமை காலை, காற்று வரும் வாய்களின் ஓரத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்து மேசைகள் மீது சொட்டியது. மேற்கூரைப் பலகைகளில் மிளகைத் தூவியது போலக் கரும்பூசணம். ஈரப்பதம் 72 விழுக்காடு. பூசணத்தின் வித்துகள் ஆஸ்துமாக்காரர்களுக்குத் தலைவலியைவிட மோசமானவை.

குளிர்நாட்டு ஆய்வுகளை அப்படியே இங்கே நடமுடியாது என்பதற்குக் காரணம் நம் காற்றில் இருக்கும் தண்ணீர். வெளியே 32 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண நாளில், ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று கொடுத்தால், அதிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 400 மில்லி நீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். அறுபது பேர் உள்ள மாடிக்கு அது மணிக்கு 24 லிட்டர். அந்தக் காற்றைக் குளிர்வித்து உலர்த்த ஆளுக்குச் சுமார் 100 வாட் மின்சாரம் பிடிக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 22 நாள், யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்தால் ஒருவருக்கு மாதம் 11 ரிங்கிட் ஆகிறது. ஒரு நாள் மருத்துவ விடுப்பின் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி நிர்வாகங்களிடம் நான் கேட்பதுண்டு.

அந்த மாடியில் கடைசியில் செய்தது இதுதான்: வால்வை மாற்றி வெப்பநிலையை 24-இல் நிறுத்தினோம், அழுக்கேறிய குளிர்ச்சுருளைக் கழுவினோம், விசிறியின் வேகத்தைக் குறைத்தோம், ஏனென்றால் சுருளின் வழியே மெதுவாகப் போகும் காற்று கூடுதலாக உலரும், டேம்பரைக் கரியமில வாயு உணர்கருவி ஒன்றோடு இணைத்து, ஆட்கள் இருக்கும் அளவுக்குத் திறக்கவும் இரவிலும் வாரயிறுதியிலும் மூடவும் வைத்தோம். கரியமில வாயு 900-ஐ ஒட்டியும் ஈரப்பதம் 60-ஐ ஒட்டியும் நின்றன. கட்டணம் பழைய அளவைவிடச் சற்றுக் குறைந்தது. அந்த அக்கா, தலைவலி விட்டுவிட்டது, ஆனால் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்தால் ஏதோ மாதிரி இருக்கிறது என்றார்.

புகைமூட்டக் காலம் மட்டும் விலக்கு. 2015, 2019 போன்ற ஆண்டுகளில் பள்ளிகளையே மூடிய நாட்களில், சாதாரண வடிகட்டி வைத்த டேம்பரைத் திறந்துவைப்பது புகையை அழைத்து உட்கார வைப்பதாகும். நுண்துகளைப் பிடிக்கும் தரமான வடிகட்டி இல்லையென்றால், அந்த நாட்களில் வெளிக்காற்றைத் தற்காலிகமாகக் குறைப்பதே சரி.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துள்ள எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டத்தின்படி பெரிய அலுவலகக் கட்டடங்கள் தங்கள் மின்சாரப் பயன்பாட்டைச் சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்று கணக்கிட்டு மதிப்பீட்டு முத்திரை பெற வேண்டும். நல்ல சட்டம், தாமதமாக வந்தது என்பதே என் குறை. ஆனால் அந்த எண்ணுக்குள் காற்றின் தரம் இல்லை. ஒழுகும் குளிரை அடைத்தவருக்கும் டேம்பரைக் கம்பியால் கட்டியவருக்கும் அது ஒரே மதிப்பைத்தான் தரும். இரண்டையும் சேர்த்துச் சாதிக்கலாம் என்பதற்குப் புத்ராஜெயாவில் 2010-இல் கட்டி முடித்த எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் சாட்சி: சுவர்களை மேலே போகப் போக வெளிநோக்கிச் சாய்த்து வெயிலைத் தடுத்து, தளத்தின் கான்கிரீட்டுக்குள் குளிர்நீரை ஓட்டியதால், வழக்கமான அலுவலகம் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 200 யூனிட்டுக்கு மேல் எடுக்கும் நாட்டில் அது 100-க்குள் நிற்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது: கரியமில வாயு அளக்கும் சிறு கருவி ஒன்றை ஒரு வாரம் மேசையில் வைத்து, காலை, நண்பகல், மூன்றரை மணி அளவுகளை வெப்பநிலையோடு குறித்துக்கொள்ளுங்கள். 1,000-ஐத் தொடர்ந்து தாண்டினால், அந்தத் தாளோடு போய், வெளிக்காற்று டேம்பர் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். 'தலை வலிக்கிறது' என்ற புகாரைத் தட்டிக்கழிக்கலாம். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம்.

அந்தக் கருவியை வீட்டுக்கும் கொண்டுபோங்கள். சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை; அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. நான் வளர்ந்தது பினாங்கில், ஜார்ஜ்டவுன் கடைவீடு ஒன்றில். நடுவில் வானம் பார்த்த காற்றுமுற்றம், முன்னால் அஞ்சடி எனும் கூரையிட்ட நடைபாதை. இப்போது கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி. மனைவி, மகன், நான் என மூவரும் கதவடைத்துத் தூங்கும் அறையில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கருவி 2,300 காட்டியது. சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து, குளியலறை விசிறியை ஓடவிட்டு, ஏர்கோனை 22-லிருந்து 26-க்கு ஏற்றி மேலே ஒரு மின்விசிறியையும் சுழலவிட்ட பிறகு, அதே ஐந்து மணிக்கு 1,050.