பென்டகனின் பரஸ்பரக் கொள்முதல் ஒப்பந்தம்: கேள்வி பதில்

கேள்வி: சார், பரஸ்பரப் பாதுகாப்புக் கொள்முதல் ஒப்பந்தம் போட்டுவிட்டால் அமெரிக்கா அந்த நாட்டிடம் ஆயுதம் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: இல்லை. ஒரு டாலருக்குக்கூட வாங்குவதாக யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. டெண்டரில் விலையை ஒப்பிடும் முறைதான் மாறுகிறது. 1933-இல் வந்த ‘பை அமெரிக்கன்’ (அமெரிக்கப் பொருளையே வாங்கு) சட்டத்தை ஒட்டிய பென்டகன் (அமெரிக்க ராணுவத் துறை) விதிப்படி, 100 டாலருக்கு வரும் வெளிநாட்டுப் பொருளை ஒப்பீட்டுக்கு மட்டும் 50 சதவீதம் ஏற்றி 150 டாலராக வைத்துப் பார்ப்பார்கள். 140 கேட்ட அமெரிக்கக் கம்பெனி ஜெயித்துவிடும். அதே பொருள், இந்த ஒப்பந்தம் போட்ட ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்தால் அந்த 50 ஏறாது; ஆர்டர் 100 டாலர்காரருக்கு. பதிலுக்கு, அவர்கள் நாட்டு டெண்டரிலும் அமெரிக்கக் கம்பெனிக்கு இப்படித் தடை போடக் கூடாது.

கேள்வி: அப்படியானால் ராணுவச் சீருடையும் வெளியிலிருந்து வருமா?

பதில்: வராது. உணவு, துணிமணிக்குப் பெர்ரி திருத்தம் என்று தனிச் சட்டம் இருக்கிறது.

கேள்வி: இதையெல்லாம் யார் கண்காணிப்பது?

பதில்: பேசுவதும் கையெழுத்திடுவதும் பென்டகன்தான். செனட் ஒப்புதல் தேவையில்லை. ஆனால் உள்நாட்டு ராணுவத் தொழில்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்று எடைபோட வேண்டும், வணிகத் துறையையும் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது சட்டம். பாதிப்பு தெரிந்தால் மறுபரிசீலனை கேட்கும் உரிமை வணிகத் துறைக்கு உண்டு. எதிர்த்தரப்பு பேச்சை மீறி அமெரிக்கப் பொருளை ஒதுக்கினால், அமெரிக்க அரசின் வர்த்தகப் பிரதிநிதியைக் கலந்துகொண்டு பென்டகன் அந்தச் சலுகையை ரத்து செய்ய வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சார்பில் தணிக்கை செய்வது ஜிஏஓ என்ற அலுவலகம்.

கேள்வி: காகிதத்தில் எல்லாம் சரி. நடப்பு எப்படி?

பதில்: இடிப்பது இங்கேதான். ஒப்பந்தம் போடும்போதும் நீட்டிக்கும்போதும், ‘அந்த நாட்டு டெண்டரில் உங்களை நியாயமாக நடத்தினார்களா?’ என்று கம்பெனிகளிடம் கருத்துக் கேட்டு அரசிதழில் அறிவிப்பு வரும். அங்கே தோற்ற கம்பெனி அடுத்த வருடமும் அதே அமைச்சகத்தின் வாசலில் நிற்க வேண்டும். புகார் எழுதுமா என்ன? புகார் இல்லை என்பதை நியாயம் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டால், அது கண்காணிப்பே இல்லை என்பது என் கருத்து.

அப்புறம் கணக்கு. கொள்முதல் அதிகாரி கணினிப் படிவத்தில் பொருள் எங்கே தயாரானது, ‘பை அமெரிக்கன்’ சட்டத்திலிருந்து எந்த விலக்கில் வாங்கினோம் என்று குறிக்க வேண்டும். 2018-இல் ஜிஏஓ பல துறைகளிலிருந்து 38 ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்ததில், 6-இல் இந்த விலக்கு விவரமே தப்பு. எந்த நாட்டுக்கு எவ்வளவு போனது என்பதை இந்தப் பதிவை வைத்துத்தானே கூட்ட வேண்டும்!

கேள்வி: இந்தியாவுக்கும் இது கையெழுத்தாகிவிட்டது என்கிறார்களே?

பதில்: 2024 ஆகஸ்டில் கையெழுத்தானது வேறு. அது அவசரத்தில் ஒருவர் ஆர்டருக்கு மற்றவர் முன்னுரிமை தருவதற்கான விநியோக உறுதி ஏற்பாடு. அதை வைத்து அந்த 50 சதவீதம் குறையாது. பரஸ்பர ஒப்பந்தத்துக்கு 2025-இல் பேச்சு தொடங்கும் என்றுதான் அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த இந்திய-அமெரிக்கக் கூட்டறிக்கை சொன்னது.